மூன்று அலமாரியும் ஒரு குழாயும்

துபாஷி வேலை என்பது, இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது இருவருக்கும் சேர்த்து வெட்கப்படுகிற வேலை. நோயாளி சொன்னதை டாக்டருக்கும் டாக்டர் சொன்னதை நோயாளிக்கும் விளக்கிக் களைத்த கம்பவுண்டர்களே, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஓடுகிற மேஸ்திரிகளே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. வடக்கே ஒரு குளிர் நாட்டு அரசாங்கம் மேற்குக் கொச்சியில் குடிநீர்க் குழாய் பதிக்க உதவிக்கு வந்திருந்தது. பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் ஆபீஸ். அதே ரோட்டில் என் அப்பா அரிசி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் எங்கள் வீட்டின் முதல் பி.ஏ. தமிழும் மலையாளமும் நன்றாகத் தெரியும், ஆங்கிலம் யோசித்துத்தான் பேசுவேன் என்று விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுதியிருந்தேன். அப்படியும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆபீஸில் மூன்று இரும்பு அலமாரிகள். ஒன்று வளர்ச்சி உதவி, ஒன்று சுற்றுச்சூழல், ஒன்று மனித உரிமை. அந்த நாட்டு வெளியுறவுக் கொள்கை இந்த மூன்றும் சேர்ந்தது என்று தலைமைக் குமாஸ்தா மேனோன் சார் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். மூன்றுக்கும் தனித்தனி அதிகாரிகள், தனித்தனிப் பணம். சாவிகள் மட்டும் மேனோன் சாரின் இடுப்பில் ஒரே கொத்தாக இருந்தன.

நிறைகுடம்

இது நான் கண்ணால் பார்த்தது இல்லை. நான் சேர்வதற்குச் சில வருடம் முன்னால் நடந்தது. ஜீப் ஓட்டிய சேவியர் சேட்டன் சொல்லித்தான் தெரியும்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. சுக்குச் சந்து என்று வைத்துக்கொள்வோம். கைவண்டி இழுப்பவர்களும் மூட்டை தூக்குபவர்களும் குடியிருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் பாதி, மலையாள முஸ்லிம் குடும்பங்கள் பாதி. நல்ல தண்ணீருக்கு மெயின் ரோட்டுக் குழாயில் விடியும் முன்னே போய் நிற்க வேண்டும். வெள்ளைக்காரத் திட்டத் தலைவரை ஊரில் எல்லோரும் பெரிய சாயிப்பு என்றுதான் சொல்வார்கள். அவர் தண்ணீர்க் கஷ்டத்தைப் பார்க்க வருகிறார் என்று சந்துக்கு முன்கூட்டியே செய்தி போயிற்று.

சந்து சும்மா இருக்குமா? வாசல் கழுவினார்கள். கோலம் போட்டார்கள். கைவண்டிக்காரர் மனைவி கோமதியக்கா வீடு வீடாகப் போய், இருக்கிற குடம், குட்டுவம், அண்டா எல்லாவற்றையும் விளிம்பு வரை நிரப்பி வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறார். பெரிய சாயிப்பு வந்தார். நனைந்த வாசலையும் வரிசையாகத் தளும்பி நின்ற குடங்களையும் பார்த்தார், படம் எடுத்தார், கைகூப்பினார். ஜீப்பில் ஏறியதும் இந்தச் சந்துக்கு அவசரமில்லை என்று எழுதிக்கொண்டார். அந்த வருடத்துக் குழாய் இணைப்பு, வரிசையில் அடுத்து நின்றவர்களுக்குப் போயிற்று. இதைச் சொல்லிவிட்டுச் சேவியர் சேட்டன் என்னைக் கேட்டார்: "காலிக் குடத்தை வச்சு விருந்தாளியை எந்த வீட்டிலயாவது கூப்பிடுவாங்களா, நீ சொல்லு மோனே."

எலுமிச்சைச் சாறு

சேவியர் சேட்டன் ஜீப்பில் போகும்போதும் வரும்போதும் சுக்குச் சந்தைப் பற்றியே பேசினார். அந்த நச்சரிப்பில், நான் சேர்ந்த முதல் மாதம் பெரிய சாயிப்பு இரண்டாம் முறை பார்க்கச் சம்மதித்தார். அவர் நாட்டிலிருந்து வந்திருந்த இரண்டு அதிகாரிகளும் உடன் வந்தார்கள். மூவர் தோளிலும் பிளாஸ்க். வெளியே எங்கும் தண்ணீர் தொடக்கூடாது என்று அவர்கள் அரசாங்கத்தின் உத்தரவு. குடிதண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள் அதைக் குடிக்கக் கூடாது. இதை நான் யாரிடம் கேட்பது?

கோமதியக்கா எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார். மூன்று பேரும் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அழகாகச் சிரித்தார்கள். பேசி முடியும் வரை பிடித்துக்கொண்டே இருந்தார்கள். போகும்போது ஜன்னல் திட்டில் மூன்று தம்ளரும் நிறைந்தபடியே வரிசையாக இருந்தன. அதைப் பார்க்க முடியாமல் நான் என் தம்ளரை ஒரே மூச்சில் குடித்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, உப்பும் சர்க்கரையும் போட்டால்தான் சாறு, அளவாகப் போட்டிருக்கிறீர்கள் அக்கா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. திட்டில் இருந்த தம்ளர்களை எடுத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்: "சர்க்கரை மட்டுந்தான் போட்டேன் தம்பி. உப்பு கிணத்திலயே இருக்கு."

சாவி மாறியது

ஜீப்பில் திரும்பும்போது பெரிய சாயிப்பிடம் அதை அப்படியே சொன்னேன். வாசலில் நிற்கும் குடங்களில் பெரும்பாலும் சந்துக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான், அது கழுவத்தான் ஆகும் என்றும் சொன்னேன். அவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல மனிதர். அன்று பள்ளுருத்தி பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போய், சுக்குச் சந்துக்குத் தண்ணீர் வரப்போகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, யார் சொல்லி என்று கேட்டார். நான் சொல்லி என்றேன்.

மறுநாள் மேனோன் சார் சந்தின் காகிதக் கட்டை முதல் அலமாரியிலிருந்து எடுத்து இரண்டாவது அலமாரியில் வைத்துப் பூட்டினார். தண்ணீர் இல்லை என்றால் அது வளர்ச்சி. தண்ணீர் இருந்து உப்பாக இருந்தால் சுற்றுச்சூழல். அந்த அதிகாரிகள் வேறு, அவர்கள் வரும் காலம் வேறு. என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் ஒரு சந்தையே இன்னொரு அலமாரிக்குத் தள்ளிவிட்டது.

மழைக்காலம் முடிந்து அவர்கள் வந்தார்கள். இளைஞர்கள், காயல் என்றால் உயிர். கால்வாயில் முன்பு நண்டு உண்டா, கரையில் கண்டல் செடி இருந்ததா, யார் வெட்டினார்கள் என்று கேட்டார்கள். நான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். கடைசியில் கிணற்றிலிருந்து சின்னச் சின்னப் பாட்டில்களில் தண்ணீர் எடுத்து, சீட்டு ஒட்டி, பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. கோமதியக்கா இடுப்பில் குடத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார்: "முதல்ல வந்தவங்க தண்ணி கொண்டு வந்து குடிச்சாங்க. இவங்க நம்ம தண்ணிய எடுத்துட்டுப் போறாங்க. குடுக்கிறவங்க எந்த வண்டியில வருவாங்க தம்பி?"

மதாம்மாவின் கேள்வி

பாட்டில்களுக்குப் பதில் வந்தது. கிணறு உப்புதான், இனி மாறாது, ஆகவே குழாய் போடலாம். கட்டு திரும்ப முதல் அலமாரிக்கு வந்தது. குழாய்கள் லாரியில் வந்து பஜார் ரோட்டோரத்தில் இறங்கின. கோமதியக்கா தினமும் ஒரு முறை வந்து அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குள் அந்த நாட்டில் ஆட்சி மாறியது. மக்களை அடித்து உதைக்கும் இடத்துக்கு உதவி கிடையாது என்பது புதிய அரசின் கொள்கை. படித்தபோது எனக்கு மரியாதையாகவே இருந்தது. இப்போதும் அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. மூன்றாவது அலமாரிக்கு உரிய அதிகாரி ஒரு நடுவயது வெள்ளைக்காரப் பெண், ஊர் வழக்கில் மதாம்மா. குழாய் பதிக்கும் முன்னால் மக்களிடம் நேரில் பேச வேண்டும் என்றார்.

சந்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். உங்களுக்கு என்ன உரிமை மறுக்கப்படுகிறது என்று மதாம்மா கேட்டார். நான் அதைச் சந்துக்குப் புரிகிற பேச்சில் திருப்பி, நியாயமாக உங்களுக்குக் கிடைக்க வேண்டியது எது கிடைக்கவில்லை என்று கேட்டேன். தண்ணீர் என்றார்கள் எல்லோரும். அது வேறு துறை, போலீஸ், சிறை, மிரட்டல் இப்படி ஏதாவது என்றார் மதாம்மா. அக்கா, தண்ணீர் இந்த அலமாரியில் இல்லை என்று நான்தான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் ஹம்சா இக்கா பேசினார். அங்கே முஸ்லிம்கள் அண்ணனை இக்கா என்பார்கள். மூட்டை தூக்குகிறவர், என் அப்பாவுக்குப் பழக்கம். முந்தின வருடம் கூலி வேலைநிறுத்தத்தில் அவரைப் பிடித்து இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். ஒரு தோள் அதற்குப் பிறகு சரியாகத் தூக்கவில்லை. மதாம்மா பேனாவை நிறுத்திவிட்டு, அங்கே எப்படி நடத்தினார்கள் என்று கேட்டார். ஹம்சா இக்கா சந்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடிச்சது அடிச்சதுதான். ஆனா பொய் சொல்லக் கூடாது, ஸ்டேஷன்ல நல்ல தண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு வாக்கியத்தையும் மொழிபெயர்த்தேன். மதாம்மா முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

வெள்ளைச் சட்டை

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தொழிலாளியைக் காவலில் அடித்தது பற்றி நம் அரசாங்கம் விளக்கம் தரும் வரை இந்தப் பகுதியில் குழாய் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். பெரிய சாயிப்பு என்னைக் கூப்பிட்டு, சந்துக்காரர்களுக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றார். பக்குவமாகச் சொல்ல அதில் என்ன இருந்தது? உங்களில் ஒருவரை அடித்தார்கள், அதனால் உங்களுக்குத் தண்ணீர் இல்லை. இதை எந்த மொழியில் எப்படித் திருப்பிப் போட்டாலும் அதுதான் வந்தது. நான் உத்தரவு முழுவதையும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன். ஹம்சா இக்காவின் மனைவி மட்டும் எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு மெயின் ரோட்டுக் குழாயில் அவள் குடத்தை யாரோ வரிசையிலிருந்து நகர்த்தி வைத்தார்கள் என்று கோமதியக்கா சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹம்சா இக்கா ஆபீஸுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அந்த மாடிப்படியில் எத்தனையோ வருடம் சுக்கு மூட்டையோடு ஏறினவர், அன்று வெறும் கையோடு ஏறுவது எப்படி என்று தெரியாதவர்போல ஒவ்வொரு படியாக நின்று ஏறினார். பெரிய சாயிப்பு நாற்காலி போட்டார். உட்காரவில்லை. என்னைப் பார்த்தே பேசினார். பேசி முடித்ததும் பெரிய சாயிப்பு என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவர் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பெரிய சாயிப்பு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெகுநேரம் அதை எடுத்து மாட்டவில்லை. ஹம்சா இக்கா சொன்னது இதுதான்: "என்னை யாரும் அடிக்கல, நான் மூட்டையோட விழுந்துட்டேன்னு எழுதிக்கோ மோனே. குழாய் வரட்டும்."

அப்படி எழுதவும் முடியாது என்றார்கள். மிரட்டலுக்குப் பயந்து சொல்வதாக அதையும் மூன்றாவது அலமாரியிலேயே வைத்தார் மேனோன் சார். குழாய்கள் ஒரு மழைக்காலம் முழுக்க பஜார் ரோட்டில் கிடந்து, வேறு மாவட்டத்துக்கு லாரி ஏறின. ஆபீஸும் மூடியது. நான் எர்ணாகுளத்தில் குமாஸ்தாவானேன்.

சில வருடம் கழித்து நகரசபையே சந்து முனையில் ஒரு குழாய் வைத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். கேள்விப்பட்டுப் போனேன். கோமதியக்கா எலுமிச்சைச் சாறு கொடுத்து, "இந்தத் தடவை உப்பு நான் போட்டது தம்பி" என்றார். ஹம்சா இக்கா திடமாக இருந்தார், தோள் மட்டும் அப்படியே. பழைய கதை பேசினோம். ஸ்டேஷன் தண்ணீரின் ருசியை அவர் இன்னும் புகழ்ந்தார்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. எங்கள் ஆபீஸ் சார்பில் குழாய் பதித்த பழைய ஃபிட்டரைத் தேடிப் பிடித்து, பஜார் ரோடு வால்விலிருந்து அவரோடு நடந்தே போய்ப் பார்த்தேன். நிறைகுடங்களைப் பார்த்துப் பெரிய சாயிப்பு சந்துக்கு வேண்டாமென்று தள்ளிவைத்த அந்த இணைப்பு, அதே வருடம் ஸ்டேஷன் கொல்லைக்குப் போயிருந்தது. ஆக, எங்கள் உதவி சுக்குச் சந்துக்காரர் ஒருவரையாவது சென்றடைந்தது என்று தாராளமாக எழுதலாம், அதற்கு அவர் முதலில் அடி வாங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்.