ஜெபப் பெட்டியில் விழுந்த சீட்டு

அடுத்த வீட்டு விஷயம் என்றால் எனக்கு வெல்லம். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டுக் கல்யாணம், குழந்தை என்று பதினைந்து வருஷம் வீட்டிலேயே கிடந்தவள், நாற்பது வயதில் ஒரு சர்ச் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். பாதிக் காரணம் சம்பளம். மீதிப் பாதி, அந்தக் காம்பவுண்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கிற ஆசை.

எங்கள் அதியமான்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். சின்ன ஊர், சின்னப் பிரஸ்பிட்டேரியன் சபை. மாரியம்மன் கும்பிடுகிற என்னை ஏன் எடுத்தார்கள் என்றால், சபைக்காரர் யாரையாவது வைத்தால் ஆபீஸ் சமாச்சாரம் பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிடுமாம். என்னைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

முதல் வாரமே எனக்கு வாய் பிளந்துவிட்டது. போதகரை அங்கே ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். புதிதாக வருகிற ஐயரை ஒரு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு, தொடர்ந்து இருக்கட்டுமா வேண்டாமா என்று சபை ஓட்டுப் போட்டு முடிவு பண்ணும். எங்கள் கோயில் பூசாரிக்கு அவர் அப்பா பூசாரி, அவருக்கு அவர் அப்பா. பூசாரிக்கு ஓட்டா! அதை வீட்டில் சொன்னபோது என் கணவர் நம்பவே இல்லை.

ஐயருக்கு மேலே, சபையை நடத்துகிற பெரியவர்களாக மூப்பர்கள் ஐந்து பேர். பெரிய மூப்பர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், நான் டைப் அடித்ததில் சிவப்புப் பேனாவால் திருத்தாமல் ஒரு தாளையும் விட்டதில்லை. மணி அடித்து, பெஞ்சு துடைத்து, மைக் செட் பார்க்கிறவர் கோயில்பிள்ளை. அவர் பேசுவதே அபூர்வம். இத்தனை பேரில் எனக்குப் பேச்சுத்துணை ஐயரம்மா ஒருவர்தான்.

அவர் ஊரில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐயருக்கு இங்கே வேலை என்றதும் ஒரு வருஷம் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இங்கே ஏதாவது பள்ளியில் சேரலாமா என்று கேட்டதற்கு, "ஐயரம்மா வேலைக்குப் போயிட்டா சபை வூடுங்களை யாருங்க பாக்கறது?" என்று பெரிய மூப்பர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதனால் காலை பதினோரு மணிக்கு என் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்து, பழைய ஆராதனைத் தாள்களின் பின்பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பார். எதற்கு என்று கேட்டால், "கை மறந்துரும்லா யக்கா," என்பார். ஜூனில் லீவு முடிகிறது. அதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை போச்சு. மே மாதம்தான் சபையில் ஓட்டு.

ஐயர் ஜெயித்துவிடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிரசங்கம் இருபது நிமிஷத்தில் முடியும், ஆஸ்பத்திரியில் யார் படுத்தாலும் போய் நிற்பார். ஐயரம்மா என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. ஊர்க்கதை எல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்கிறவள், இதை மட்டும் கேட்கவில்லை. பதில் எனக்குப் பிடிக்காது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

சர்ச் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. யாருக்கு என்ன வேண்டுதலோ பேர் போடாமல் எழுதி அதில் போடலாம். சனிக்கிழமை கோயில்பிள்ளை பூட்டைத் திறந்து சீட்டுகளை என் மேஜையில் கொட்டுவார். நான் ஒன்றுவிடாமல் டைப் அடித்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மேடையில்தான் ஐயரே அதைப் பிரித்துப் பார்ப்பார். ஒவ்வொன்றாக வாசிப்பார், ஒவ்வொன்றுக்கும் சபை முழுக்க ஆமென் சொல்லும். எந்தச் சீட்டையும் தள்ளக் கூடாது, யார் எழுதியது என்று ஆராயக் கூடாது. முன்பு ஒரு மூப்பர் தன்னைக் குத்திக்காட்டி வந்த சீட்டைக் கிழித்துப் போட்டுப் பெரிய ரகளையாகி, அதற்கப்புறம் வந்த விதியாம் இது. ஆராயக் கூடாது என்ற விதியை என்னிடம் கொடுத்தது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். ஆனாலும் கண்டுபிடித்ததை யாரிடமும் சொன்னதில்லை, அது சத்தியம்.

ஓட்டுக்கு இரண்டு வாரம் முன்பு, மாட்டுக்குச் சீக்கு, மகனுக்கு விசா, முழங்கால் வலி என்று வழக்கமான சீட்டுகளுக்கு நடுவே ஒன்று கிடந்தது. "ஆண்டவரே, ஜூன் பிறக்குமுன் நான் விட்டுவந்த வேலையில் என்னைத் திரும்பச் சேர்த்தருளும். இந்த ஊரில் எனக்கு மூச்சு முட்டுகிறது." திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பழைய ஆராதனைத் தாளின் அச்சு, முன்பக்க ஓரத்தில் பாதியில் கிழிபட்ட ஒரு கணக்கு.

கிழித்துவிடலாமா என்று கை பரபரத்தது. ஐயரம்மாவின் மானத்தைக் காப்பாற்றவா? அதெல்லாம் பொய். அவர் போய்விட்டால் பதினோரு மணிக்கு என்னிடம் வந்து உட்கார ஆளில்லை. அதுதான் காரணம்.

வெளியே பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளையிடம் போய், "ஒரு சீட்டு படிக்கற மாதிரி இல்லீங்க. விட்டுடட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுதுனவங்க சாமிக்கு எழுதுனாங்க. உங்களுக்கில்லீங்களே," என்றார்.

கோபம்தான் வந்தது. ஆனாலும் போய் டைப் அடித்தேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

மறுநாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஐயர் உறையைப் பிரித்து வாசித்துக்கொண்டே வந்தார். மாடு, ஆமென். விசா, ஆமென். இந்தச் சீட்டுக்கு வந்ததும் முதல் வரியைச் சாதாரணமாக வாசித்தார். இரண்டாவது வரியின் நடுவில் குரல் நின்றது. பிறகு மீதியையும் வாசித்தார். ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு புது மருமகளைச் சனம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். பாவம் யாரோ என்ற இரக்கத்தில் அன்றைக்கு ஆமென் வழக்கத்தைவிடச் சத்தமாகவே வந்தது. பெரிய மூப்பரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஐயரும் ஆமென் சொன்னார், மெதுவாக. ஐயரம்மா முதல் வரிசையில் குனிந்திருந்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

ஓட்டு நாளில் ஒரு மூப்பர் ஓட்டுச் சீட்டுகளை விநியோகிக்க எழுந்தபோது ஐயர் கையமர்த்தினார்.

"ஓட்டு வேண்டாம். ஒரு விண்ணப்பத்துக்கு நீங்க எல்லாரும் ஆமென் சொன்னீங்க, நானும் சொன்னேன். அது என் வீட்டு விண்ணப்பம்."

பெரிய மூப்பர் எழுந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "யாருதுன்னு தெரியாம சொல்லிட்டமுங்க ஐயரே. அந்த ஆமெனைத் திருப்பி எடுத்துக்க ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க," என்றார் ஐயர்.

மே கடைசியில் வீட்டுச் சாமானை வேனில் ஏற்றினார்கள். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கக் கூடமாட நின்றேன். சீட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும் என்பது ஐயரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபம். அதையெல்லாம் அடக்கிக்கொண்டு, அத்தனை நாளாக மண்டையைக் குடைந்ததைக் கேட்டேவிட்டேன்.

"பெட்டியில போட்டா அவரே சபை நடுவுல படிப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? ஒரே வூட்டுக்குள்ள இருக்கறீங்க. அவருகிட்டயே நேரா சொல்லியிருக்கலாமில்லீங்க?"

ஐயரம்மா பெட்டியின் மேல் டேப்பை இழுத்து ஒட்டினார்.

"பதினோரு மாசமா சொன்னேன் யக்கா. சொல்லும்போதெல்லாம் அவ்வொ, ‘சரி, ஜெபிப்போம்’னாவ. அதான், ஜெபிங்கன்னு எழுதிப் போட்டேன்."