உள்ரோட்டு ஆதம்

பாசிர் கூடாங் ஊரில் ஆதம் என்று மட்டும் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது. உள்ரோட்டு ஆதம் என்று சொல்லவேண்டும். ஓய்வு பெறும்வரை தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். நெடுஞ்சாலையில் நாலு சிவப்பு விளக்கு சேர்ந்தாற்போல் தெரிந்தால் போதும், மனிதர் எங்கேயாவது இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்து, வேறெங்கேயாவது ஏறிவிடுவார். ஜாமில் நிற்பது அவருக்கு மானப் பிரச்சினை.

அதெல்லாம் எத்தனை நல்ல காலம்! பெருநாளுக்கு உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பினால், பழைய வேனில் மனைவி ரம்லா பின்னால், மகள் ஷைமா முன்னால். செடெனாக்கில் இறங்கி, லாயாங்-லாயாங்கில் சுடச்சுட பீசாங் கோரெங் வாழைப்பழ பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டே போவார்கள். உள்ரோடும் காலைவாரினால், நெடுஞ்சாலையோரத்து மாச்சாப் ஆர்-என்-ஆர் ஓய்விடத்தில் பாய் விரித்து, கூட்டம் கரையும்வரை தூங்குவார்கள். ஷைமா அவர் வயிற்றின்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவாள். ஊர் போய்ச் சேர்ந்ததெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. அந்தத் தூக்கம் மட்டும் இன்றைக்கும் இனிக்கிறது.

வளர்ந்த ஷைமா, குளுவாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சயீதைத் தானே பார்த்து முடிவு செய்துவிட்டாள். ஆதமுக்குப் பொறுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிக்காஹை நடத்திக் கொடுத்தவர், மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம், "ஜாம்லா, என்ன பண்றது?" என்றார். உள்ரோட்டு ஆதம் ஜாமில் மாட்டினாரா! ஊரே சிரித்தது. ஷைமா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அப்பனும் மகளும் பேசுவதில்லை.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்த வீட்டில் அது தலைகீழ். இந்த ரமலானில் ஷைமாதான் இறங்கிவந்தாள். "நம்ம வீட்டுக்கு நோன்பு திறக்க வாங்க வாப்பா" என்று அவளே ஃபோனில் கூப்பிட்டாள். இந்தத் தடவையும் போகாவிட்டால் இனி அவள் கூப்பிடவே மாட்டாள் என்று ரம்லாவுக்குத் தெரியும். ஆதமுக்கும் தெரியும்.

இருவரும் காரில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கம் வந்தது. குளுவாங்குக்கு இறங்கவேண்டிய இடம். கார் இறங்கவில்லை.

"என்னங்க, தாண்டிட்டீங்க?"

"உள்ள ஜாமா இருக்கும். அடுத்ததுல இறங்கிக்கலாம்."

அடுத்ததிலும் இறங்கவில்லை. மாச்சாப் ஓய்விடத்துக்குள் காரை விட்டு நிறுத்தினார். "கொஞ்சம் கரையட்டும்" என்றார். ரோட்டில் கரைவதற்கு ஒன்றுமே இல்லை, வண்டிகள் பறந்துகொண்டிருந்தன.

ரம்லாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாழ்நாளெல்லாம் ஜாமுக்குப் பயந்து ஒதுங்குனீங்க, சரி. பெத்த பிள்ளைக்குமா?"

மகளுக்குத்தான் ஆதம் பயந்தார். அவள் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஷைமா ஃபோன் செய்தாள். ரம்லா இருக்கும் இடத்தைச் சொன்னாள், காரணத்தைச் சொல்லவில்லை. "அங்கயே இருங்கம்மா" என்று ஷைமா ஃபோனை வைத்துவிட்டாள்.

பொழுது சாய்ந்து, மேசைகளெல்லாம் நோன்பாளிகளால் நிறைந்தபோது அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். கையில் கஞ்சித் தூக்கு. கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் ரம்லா.

"குளுவாங் ரோடு ஜாம்மா. தோட்டத்துக்குள்ள பூந்து, சிம்பாங் ரெங்கம் டோல்ல ஏறி வந்தேன். வாப்பா பாதைதான்."

நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய் இறங்கவில்லை, கண்ணீர் முந்திக்கொண்டது.

"அவர் சமைச்சு வச்சிட்டு உக்காந்திருக்காரு வாப்பா" என்றாள் ஷைமா மெதுவாக. "வருவீங்களா?"

ஆதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உன் வீட்டுக்கு எனக்கு வழி தெரியாதும்மா. நீ முன்னால போ. நான் பின்னாலயே வர்றேன்."