எலிக்கூடத்து எமன்

ஆய்வுக்கூடத்தின் பின்பக்கத்து எலிக்கூடத்தில் அவனை எல்லோரும் எமன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சுண்டெலிகளுக்குத் தீனி வைத்தவனும் அவன்தான், கடைசி நாளில் கழுத்தை முறித்தவனும் அவன்தான். இரண்டு விரல் கழுத்தில், மறுகை வாலில், ஒரே இழுப்பு. எலிக்குத் தெரிவதற்குள் ‘டக்’கென்று முடிந்துவிடும். ஐம்பதைத் தாண்டிய அவனுக்கு வேறு தொழில் தெரியாது. வேலைக்கு வெளியே உயிரைக் கொல்லக் கையும் வராது. வீட்டில் துடைப்பத்தோடு எலியைத் துரத்துவது அவன் பெண்டாட்டிதான்.

“ஊரு எலிக்கெல்லாம் எமன், வீட்டு எலிக்கு மாமன்!” என்று பல்லைக் கடிப்பாள்.

அந்த மாதம் குப்பியில் ஒரு வெள்ளைப் பொடி வந்தது. எலியின் உடம்பே சுரக்கும் புரதம்தான். அதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அங்கே விளைவித்து, உலர்த்தி அனுப்பியிருந்தார்கள். கரைத்து மூக்கில் சொட்டு விட்டால், வேலியே பயிரை மேய்கிற கதையாக, உடம்பின் காவல்படை நுரையீரலையே குதற ஆரம்பிக்கும். வீக்கம், சளி, இழுப்பு. ஆஸ்துமா மருந்தைச் சோதிக்க அப்படியொரு நோய் தேவைப்பட்டது.

பொடியைக் கரைத்தது ஆராய்ச்சி மாணவன். மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கரைக்க வேண்டியதை, அவசரத்தில் குலுகுலுவென்று குலுக்கினான். நுரை பொங்கியது.

“தம்பி, நுரை வந்தா புரதம் கெட்டுரும், அது செத்த சரக்கு,” என்றான் எமன்.

“எலி பிடிக்கிறதுதான் உன் வேலை. அதப் பாரு.”

நாற்பது எலிகளுக்கு எமன் சொட்டு விட்டான். பத்தாம் நாள் நாற்பதையும் கொன்றான். மாணவன் நெஞ்சு நெஞ்சாகக் கிழித்து நுரையீரலைக் கழுவி எடுத்தான். நோய் இருந்தால் கலங்கி வரவேண்டிய தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. நாற்பது உயிரும் வீண்.

தலைமை விஞ்ஞானி அம்மாள் வந்து நின்றதும் மாணவன் கத்தினான். “மேடம், இவன் மூக்குல விடல. முழுங்க வச்சிருக்கான்!”

“நீங்க குப்பியக் குலுக்குனத...”

சொல்லி முடிப்பதற்குள் மாணவன் எமன் கன்னத்தில் அறைந்தான். எமனின் கை யோசிக்கவில்லை. இரண்டு விரல் மாணவனின் குரல்வளையைக் கவ்விச் சுவரோடு அழுத்தின. கால்கள் உதறின. முகம் கறுத்தது. அம்மாள் அலறிய பிறகுதான் பிடி விட்டது.

“புதுக் குப்பிய நானே கரைக்கிறேன்,” என்றார் அம்மாள், மூச்சு வாங்க. “நாலு எலிக்கு நீங்க சொட்டு விடுங்க. அப்புறம் தெரியும், யாரு சொல்றது பொய்யின்னு.”

பத்து நாளில் நான்கும் மயிர் சிலிர்த்து, கூனிக் குறுகி, விலா துள்ளத் துள்ள மூச்சுக்குத் தவித்தன.

“தப்பு சொட்டுல இல்ல, நீ குலுக்குனதுல,” என்று மாணவனிடம் சொன்ன அம்மாள், எமன் பக்கம் திரும்பினார். “ஆனா நீங்க மனுஷன் கழுத்துல கை வச்சிட்டீங்க. தீனி வைங்க, கூண்டு கழுவுங்க. இனிமே ஒரு எலியக் கொன்னாலும் அன்னிக்கே உங்க வேலை போயிடும்.”

“அப்ப இதுங்கள யாரும்மா கொல்றது?”

“அவனோட சோதனை எலிங்க. அவனே கொல்லட்டும்.”

மாணவன் முதல் எலியைப் பிடித்து இழுத்தான். கழுத்து முறியவில்லை, தோல் கிழிந்தது. எலி கிறீச்சிட்டது. மறுபடி இழுத்தான். பின்னங்கால்கள் செத்துப்போன எலி திரும்பி அவன் விரலைக் கடித்துத் தொங்கியது. உதறினான். மேசையில் விழுந்து, முன்னங்கால்களால் ரத்தத்தில் துழாவித் துழாவி ஊர்ந்தது.

“சாக மாட்டேங்குதே!” அவன் கண்ணாடிக் குடுவையை ஓங்கினான்.

தீனி வாளியோடு நின்ற எமனை அம்மாள் பார்த்தார். “வேணாம்,” என்றார்.

எமன் வாளியைக் கீழே வைத்தான். இரண்டு விரல். டக்.

அறையில் சத்தம் அடங்கியது.

“போறதுதான் போறேன்,” என்றான் மாணவனிடம். “மிச்சம் மூணையும் குடுங்க தம்பி.”

மாணவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.