நேத்தே சொன்னேனே

அந்தக் கால்நடை மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. பதினாறு வருடமாக அறுவை அறையில் டாக்டரம்மாவுக்கு வலது கை. நாயை எடை பார்ப்பாள். முன்னங்காலில் முடியை மழித்து நரம்பில் ஊசி செருகுவாள். எடைக்கேற்ற மயக்க மருந்தை ஏற்றி, தாடை தளர்ந்ததும் மூச்சுக்குழலுக்குள் குழாயை இறக்குவாள். அதன் பிறகு ஈறு வெளுக்கிறதா, இமையைத் தொட்டால் சிமிட்டுகிறதா, மூச்சு எத்தனை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதுவாள். "எங்க வீட்டுக்காரர தூங்க வைக்க எத்தன மில்லி ஆகும்?" என்று கேட்காத பெண்கள் குறைவு.

இன்னொரு வேலையும் அவளுடையதுதான். அறுவைக்கு முந்தின நாள் நாயின் சொந்தக்காரர்களுக்கு போன் செய்து, ராத்திரிக்கு மேல் நாய்க்குச் சாப்பாடு கூடாது என்று சொல்ல வேண்டும். மயக்கத்தில் தொண்டை தளர்ந்துபோகும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலில் இறங்கிவிடும்.

ஒரு திங்கட்கிழமை நான்கு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலில் நான்குக்கும் முதலிலேயே டிக் போட்டுவிட்டு போனை எடுத்தாள். மூன்றாவது ஆளிடம் பேசி முடித்ததும் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. அக்கா தங்கைச் சண்டை அரை மணி நேரம் நீண்டது. நான்காவது ஆள் அடியோடு மறந்துபோயிற்று.

அந்த நான்காவது ஆள், ஓய்வுபெற்ற தபால்காரர். மறுநாள் காலை மகளோடு வந்தார். அவருடைய பழுப்பு நிற நாய்க்கு வயிற்றில் கட்டி. நாய் ஏதாவது சாப்பிட்டதா என்று வந்தவரிடம் மறுபடி கேட்பது வழக்கம். டிக் இருக்கிறதே என்று அன்று அவள் கேட்கவில்லை.

மருந்து ஏறி நாய் துவண்டது. குழாயை இறக்குவதற்குள் வாயிலிருந்து ரொட்டியும் பாலும் கொட்டின. தலையைத் தாழ்த்தி உறிஞ்சி எடுத்தார்கள். ஆனாலும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

டாக்டரம்மா வெளியே ஓடினார். "காலைல ஏதாவது குடுத்தீங்களா?"

"ரெண்டு துண்டு ரொட்டி, பால்ல தோய்ச்சு… குடுக்கக் கூடாதா?"

டாக்டரம்மா, பின்னால் வந்து நின்ற ஊசியக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்தே போன்ல சொன்னேனே சார்" என்றாள் அவள். யோசித்துச் சொன்னதல்ல, வாய் முந்திக்கொண்டது.

பெரியவர் திகைத்தார். "சொன்னியாம்மா? சொல்லியிருப்ப. எனக்குத்தான் இப்பல்லாம் எதுவும் நிக்கிறதில்ல."

"என்னப்பா நீங்க!" என்று மகள் தலையில் கை வைத்தாள்.

நுரையீரலில் சீழ் பிடித்து, மூன்றாம் நாள் நாய் செத்துப்போனது.

எந்த நாய்க்கு ஊசி போட்டாலும், "சொல்லியிருப்ப" என்ற குரல் ஊசியக்காவின் காதில் விழுந்தது. நாலு வாரம் கழித்துப் பெரியவரின் மகள் நாயின் கழுத்துப்பட்டையை வாங்கிப்போக வந்தாள்.

"அப்பாவ இப்ப தனியா விடறதில்லக்கா. அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னுட்டோம். வீட்டுச் சாவிய அவரே எங்கிட்ட குடுத்துட்டாரு, 'என்னை நம்பாத'ன்னு."

அவள் போனதும் ஊசியக்கா டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"போன் பண்ண மறந்தத என்னால புரிஞ்சிக்க முடியுது" என்றார் அவர். "பழிய அந்த மனுசன் தலைல கட்டினியே, அத முடியல. நீ ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வர வேண்டாம். முதல்ல போய் அவர்கிட்ட சொல்லு."

அன்று மாலையே போனாள். பெரியவர் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னாள். "நான் உங்களுக்கு போனே பண்ணல சார். பொய் சொல்லிட்டேன்."

"அப்ப நான் மறக்கலையா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சார்."

"ஏய்! இங்க வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "நான் மறக்கலடி! யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லியாம்!" சொல்லும்போதே அழுதுவிட்டார். மகள் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஊசியக்கா காலில் விழக் குனிந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் வேண்டாம். நீ போம்மா. உன் மூஞ்சியப் பார்க்க முடியல."

ஆறு மாதம் கூண்டு கழுவிய பிறகே டாக்டரம்மா அவளை மறுபடி உள்ளே விட்டார். இப்போது போனில் சொன்னதை மறுமுனையில் இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகே டிக் போடுகிறாள். பெரியவரைக் கடைத்தெருவில் இரண்டு தடவை பார்த்தாள், தனியாகத்தான் வந்திருந்தார். ஒரு தடவை வணக்கம் வைத்தாள். அவர் பார்த்தார், பதில் வணக்கம் வைக்காமல் நடந்து போனார்.