ஒரே விசிலில் இருநூற்று நாற்பது வீடு

தக் மிரேவுக்குக் கடல் ஆகாது. மோக்போ துறைமுகத்தில் பிறந்து, நண்டு பிடிப்பவரின் மகளாக வளர்ந்து, ஐம்பத்தொரு வயதுவரை அதே ஊரில் இருக்கிறவளுக்கு இது வெட்கக்கேடு என்று அவளுக்கே தெரியும். என்ன செய்வது, கரையில் கட்டிக்கிடக்கும் படகைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும்.

பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய் இணைய இணைப்புக் கொடுக்கிறாள். ஒரு நாளைக்கு எட்டு வீடு. எல்லா வாசலிலும் ஷூவைக் கழற்ற வேண்டும் என்பதால் பையில் எப்போதும் மூன்று ஜோடி காலுறை இருக்கும். சாமர்த்தியசாலி என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு நல்ல பழக்கம் உண்டு. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் நம்பவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள். "எங்க நின்னு அளந்தீங்க?" என்று கேட்பாள். வீட்டில் கணவர் ஜுரம் என்று வெப்பமானியை நீட்டினாலும் இதே கேள்விதான்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹேசோங் குடியிருப்பில் வாக்கெடுப்பு. இருநூற்று நாற்பது வீடும் சேர்ந்து அவளுடைய நிறுவனத்தை விட்டு விலகுவதா, வேண்டாமா என்று. விலகினால் அவளுக்கு ஊருக்குள் வேலை இல்லை. திங்கட்கிழமை முதல் ஹுக்சான் தீவுதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். விரைவுப் படகில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

வாக்கெடுப்பைக் கிளப்பியவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் குக் ஜோங்யோல். முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளை ஓட்டப்பந்தயத்துக்குப் பழக்கியவர். ஓய்வுபெற்ற பிறகு விரட்டப் பிள்ளைகள் இல்லாததால் இணையத்தைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலை ஆறரைக்கு வேகத்தைச் சோதித்து நோட்டில் எழுதுவார். விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் என்று வாக்குக் கொடுத்த இடத்தில், நோட்டு முழுக்கத் தொண்ணூற்று நான்கு.

மிரே இரண்டு மணிக்குப் பன்னிரண்டாம் மாடியில் அவர் வீட்டுக்குப் போனாள்.

"வாம்மா லைன்காரம்மா. உங்க கம்பெனி நொண்டிக் குதிரை. நோட்டைப் பாரு."

"பாத்தேன் தலைவரே. நாப்பது நாளும் தொண்ணூத்தி நாலா? ஒரு நாள்கூட தொண்ணூத்தி மூணு இல்ல?"

"என் அளவு அவ்வளவு துல்லியம்."

"உங்க பசங்கள்ல எவனாவது நாப்பது நாளும் ஒரே நேரத்துல ஓடி முடிச்சானா?"

அவர் நோட்டைப் புரட்டினார். மிரே தரையில் படுத்து, சுவரிலிருந்து வந்த கம்பியைத் தொடர்ந்து ஊர்ந்தாள். அது கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டியின் அடியில் போய் மறைந்தது. இருவரும் பெட்டியை நகர்த்தினார்கள். அதன் கால் கம்பியை அப்பளமாக்கி வைத்திருந்தது.

"எட்டு இழையில ரெண்டு செத்துப்போச்சு. நூறுக்கு மேல இதுல போகாது. நீங்க இணையத்தை அளக்கல தலைவரே, குளிர்பெட்டியோட எடைய அளந்திருக்கீங்க."

புதுக் கம்பி போட்டதும் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று வந்தது. குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒருத்தன் ஓடிட்டா அணி ஜெயிச்சதா ஆகாது," என்றார். "மூணு மணிக்குத் தெரியும்."

"மூணு மணிக்கு என்ன?"

சமையலறைச் சுவரில் இருந்த ஒலிபெருக்கி பதில் சொன்னது. கீழ்த்தளத்து நிர்வாக அலுவலகத்தின் யாங், அவளுடைய தேன் குரலில்: "குடியிருப்போர் கவனத்துக்கு. இன்னும் அஞ்சு நிமிஷத்துல விசில் ஊதுவேன். எல்லா வீட்டிலயும் ஒரே நேரத்துல வேகச் சோதனையை அழுத்துங்க. ஐநூறுக்குக் கீழ வந்தா கம்பெனியை மாத்துறதா தலைவர் சொல்லியிருக்கார்."

மிரேவின் முகம் வெளுத்தது. "எல்லாரும் ஒண்ணாவா?"

"பின்னே? ஆளுக்கொரு நேரத்துல கிளம்பினா அது பந்தயமா? அதுக்காக என் விசிலையே குடுத்திருக்கேன்."

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எதை அழுத்துவது என்று கேட்கும் வீடுகளால் லைன் கிடைக்கவில்லை. லிப்ட் மூன்றாம் மாடியை விட்டு அசையவில்லை. ஷூவைப் போட நேரமில்லை. காலுறையோடு படியில் இறங்கினாள். திருப்பத்துக்குத் திருப்பம் வழுக்கியது. ஒன்பதாம் மாடியில் உருளைக்கிழங்குப் பெட்டியைத் தாண்டினாள். ஆறாம் மாடியில் தலை சுற்றியது. படகில் வருகிற அதே சுற்றல்தான் என்றாலும் இங்கே அதற்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே, மூச்சிரைத்துக்கொண்டே அலுவலகக் கதவைத் தள்ளினாள்.

யாங் மைக்குக்கு முன்னால் விசிலை வாயில் வைத்துத் தயாராக இருந்தாள்.

"ஊதாதடி!"

அந்தக் கத்தலில் யாங் திடுக்கிட்டு ஊதிவிட்டாள்.

இருநூற்று நாற்பது விரல்கள் அழுத்தின. அரை நிமிடம் அமைதி. பிறகு இரண்டு கட்டடங்களின் எல்லாப் பால்கனிகளிலிருந்தும் ஒரு முனகல் கிளம்பியது.

"நாப்பத்தொண்ணு!"

"முப்பத்தெட்டு. இதுக்கா மாசாமாசம் கட்டுறோம்?"

"எனக்கு நாப்பத்திமூணு. உன்னைவிட அஞ்சு ஜாஸ்தி!"

குக் லிப்டில் இறங்கி வந்தார். ஒரு கையில் எண்களைக் குறிக்கும் அட்டை, இன்னொரு கையில் மிரேவின் ஷூ.

"உங்க கதை முடிஞ்சுதும்மா."

மிரே நாற்காலியில் விழுந்தாள். "தலைவரே, ஒண்ணு கேக்கறேன். உங்க பள்ளிக்கூட மைதானத்துல எத்தனை தடம்?"

"எட்டு."

"இருநூத்தி நாப்பது பசங்களை அந்த எட்டுத் தடத்துல ஒரே விசில்ல விட்டிருக்கீங்களா?"

"பைத்தியமா? இடிச்சுக்கிட்டு விழுவானுங்க. எட்டெட்டு பேரா முதல் சுத்து…" அவர் நிறுத்தினார்.

"தெருவிலேருந்து இந்தக் கட்டடங்களுக்கு வர்ற மொத்தத் தடமும் பத்தாயிரம் மெகாபிட். இருநூத்தி நாப்பதால வகுங்க. நாப்பத்தி ரெண்டுகூட வராது. யாரும் ஏமாத்தல. ஒவ்வொருத்தரும் மத்த இருநூத்தி முப்பத்தொம்பது பேரைத்தான் அளந்தாங்க."

"நாளைக்கு எல்லாரும் ஒண்ணா உபயோகிச்சா?"

"எல்லாரும் ஒரே விநாடியில முழு வேகத்துல இழுத்தா இப்படித்தான் ஆகும். இல்லன்னு சொல்ல மாட்டேன். வேற எந்தக் கம்பெனி வந்தாலும் இதேதான். ஆனா அப்படி நடக்க யாராவது விசில் ஊதணும்."

அவள் நிறுவனத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. குக் அதைக் கவனித்தார் என்றே நினைக்க வேண்டும். வகுத்தலைத் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, யாங்கிடமிருந்து விசிலை வாங்கி, சட்டையில் துடைத்து மைக்கில் பேசினார்.

"முதல் ஓட்டம் ரத்து. பிழை என்னுது. இனி சுற்று முறை. ஒரு கட்டடத்துல ஒரு மாடி, எட்டு வீடு. மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. முந்தினா வெளியேத்திடுவேன்."

முதல் கட்டடம், பதினைந்தாம் மாடி. விசில்.

"தொள்ளாயிரத்தி இருபது!" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. பதினான்காம் மாடி: தொள்ளாயிரத்து முப்பத்தாறு. யாரோ கைதட்டினார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் கைதட்டல் கூடியது. எதிர்க் கட்டடம் தங்கள் மாடிகளுக்காகக் கூச்சலிட ஆரம்பித்தது. ஒருவர் சோற்றுப் பானையைத் தட்டினார். ஒன்பதாம் மாடியில் ஒரு வீட்டில் மட்டும் பன்னிரண்டு.

மிரே மைக்கைப் பிடித்தாள். "அண்ணே, எங்க நின்னு அளந்தீங்க?"

"கக்கூஸ்லேருந்து," என்றது பால்கனி. "கதவைச் சாத்திக்கிட்டு."

இரண்டு கட்டடங்களும் சிரிப்பில் குலுங்கின. அவர் இணையப் பெட்டிக்கு அருகில் வந்து மறுபடி அழுத்தினார். அறுநூற்று எண்பது. அதற்கும் கைதட்டினார்கள். முப்பது விசில் முடிந்தபோது ஐநூறுக்குக் கீழே ஏழு வீடு. ஏழு முகவரியையும் மிரே எழுதிக்கொண்டாள். எல்லாம் திங்கட்கிழமைக்கான வேலை, கடல் தாண்டாமல் தரையிலேயே.

ஐந்து மணி வாக்கெடுப்பில் விலகக் கை தூக்கியவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் எல்லாவற்றுக்கும் கை தூக்குபவர்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மிரே பிய்ந்த காலுறையை மாற்றிக்கொண்டிருந்தாள். குக் ஷூவை அவள் முன்னால் வைத்தார். சட்டைப்பையிலிருந்து நிறுத்துகடிகாரத்தை எடுத்துக் காட்டினார்.

"பன்னண்டு மாடி. ஒரு நிமிஷம் நாப்பத்தொரு விநாடி. இந்த வயசுக்குப் பரவாயில்ல."

"நான் போய்ச் சேந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"'ஊதாதடி'ன்னு ஒலிபெருக்கியில கேட்டுச்சே. அப்ப நிறுத்தினேன்."

மிரே ஒரு ஷூவைப் போட்டபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"அது சரி. எங்கேருந்து ஆரம்பிச்சீங்க? உங்க வீட்டு வாசல்லேருந்தா, படியிலேருந்தா? நான் லிப்டுக்குக் காத்து நின்னதையும் சேத்துட்டீங்களா?"

குக் பொத்தானை அழுத்திக் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"லிப்டைச் சேத்திருக்கேன்," என்றார்.

"அப்ப அது தப்பு," என்றாள் மிரே, போட்ட ஷூவைக் கழற்றிக்கொண்டே. "மேல வாங்க. மறுபடி அளப்போம்."