ஷ்வேயின் மூச்சும் என் வயிற்றுச் சூடும்

யாங்கோனில், தாகேதாவில் ஓட்டைத் தகரக் கொட்டகையில் தொடங்கி மூன்று பட்டறை கட்டியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போகிற படகுகளில் பாதிக்கு இன்ஜின் கோத்துக் கொடுத்தது இந்தக் கைதான். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் பழைய லாரி பிஸ்டனைக் கடைந்து படகில் போட்டேன். ஓடாது என்றவர்கள் அதிலேயே ஏறிப் போனார்கள். மாடி வீடு, இரண்டு பெண்களின் கல்யாணம், கோயில் மதிலில் கிழக்குப் பக்கம் முழுதும் என் உழைப்பு. இப்படிப்பட்டவனே ஏமாந்தான் என்றால், ஒருவர் வளர்த்த பாம்பை வாங்கப் போகிற நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

க்யிம்யிண்டைங் படகுத்துறையில் கோ மின் என்ற என் வாடிக்கைக்காரர் ஒரு மலைப்பாம்பு வளர்த்தார். மூன்று முழ நீளம், பெயர் ஷ்வே. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதால், யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றார்.

"பொண்ணுங்க போனப்புறம் வீடு வெறிச்சுன்னு கெடக்கு. வரட்டுங்க," என்றாள் என் மனைவி சரசு. "நோவு நொடி இருக்கான்னு மட்டும் பாத்துடுங்க."

இன்ஜினைச் சோதிப்பது போலப் பாம்பைக் காதோடு வைத்துக் கேட்டேன். உள்ளே புஸ் புஸ் என்று சத்தம்.

"கேட்டியா? கம்ப்ரஷன் (இன்ஜினின் உள்ளழுத்தம்) பிரமாதம்!" என்றேன், கூட வந்திருந்த சரசுவிடம்.

கோ மின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையாவது கவனித்திருக்கலாம்.

வீட்டில் வெள்ளிதோறும் சரசு பாம்புப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சாம்பிராணி போட்டாள். நாகம்மாவே வந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கும்பிட்டார்கள். புகையை விசிறி உள்ளே தள்ளியது நான். மூன்றாவது வெள்ளி, ஷ்வே தலையை மேலே நிமிர்த்தி, வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றது.

"ஆசீர்வாதம் பண்ணுதுங்க!" என்றாள் சரசு.

வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. கும்பிட்ட கையை இறக்கினேன்.

மிருக வைத்தியர் டோ மியா தட்டைக் குச்சியால் அதன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஊலே (பெரியவரே), சத்தத்தைக் கேட்டா வாங்கினீங்க?"

"ஆமா சயாமா (டாக்டரம்மா). இன்ஜின்னா…"

"சொகமான பாம்பு மூச்சு விட்டா சத்தமே கேக்காது. இது நிமோனியா (நுரையீரலில் சளி கட்டுவது). மூச்சு முட்டித்தான் தலையைத் தூக்குது. புகை ஏதாவது போட்டீங்களா?"

"விசிறுனது அவருதான் சயாமா," என்றாள் சரசு உடனே.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். வாய்க்குள் நுரை இருக்கக் கூடாது. தாடை மடிப்பில் பாம்புப்பேன் (செதிலுக்கடியில் ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி) இருக்கக் கூடாது. கையில் விட்டால் இறுக்கிச் சுற்ற வேண்டும். குறித்துக்கொள்ளுங்கள்.

"பொழைக்குமா?"

"ஆன்டிபயாடிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி போடுறேன். ஒடம்புல சூடு கொறஞ்சா அது வேலை செய்யாது."

வீடு திரும்பினோம். வாசலில் சரசு சொன்னாள்: "நல்லா இருக்குன்னு சொன்னது நீங்க. அது செத்தா நான் பெரியவ வீட்டுக்கே போயிடுவேன்."

யாங்கோனில் கரண்டை நம்பிப் பாம்பு வளர்க்க முடியுமா? சூட்டுக்கு வைத்த பல்பு அணைந்தது. வெந்நீர்ப் புட்டி ஆறியது. சட்டையைக் கழற்றி, ஷ்வேயை வயிற்றில் சுற்றி, கம்பளி போர்த்தி, வீட்டையொட்டிய பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் அப்படித்தான். வேலையாட்களுக்குச் சொல்லிச் சொல்லி வாயாலேயே இன்ஜின்களைக் கழற்றி மாட்டினேன். முதலாளிக்குத் தொந்தி போட்டுவிட்டது என்றார்கள். அந்தத் தொந்தி நகர்வதைப் பார்த்த ஒரு படகோட்டி செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் பார்த்தே வாழ்ந்தவன், ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்திருக்கப் பழகினேன். ஒரு மத்தியானம் சத்தமே இல்லை. "சரசு!" என்று கத்தினேன். அவள் கரண்டியோடு ஓடி வந்து கம்பளியை விலக்கினாள். ஷ்வே நாக்கை நீட்டி என் தொப்புளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தமில்லைன்னாத்தான் நல்லதுன்னு சயாமா சொன்னாங்கல்ல? ஏன் இப்படிக் கத்துறீங்க!" என்றவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள்.

பத்து நாளில் ஷ்வே எலி தின்றது. இப்போதும் கரண்ட் போனால் என் கை தானாகச் சட்டைப் பித்தானுக்குப் போகிறது. வயிறு வெறுமையாக இருக்கிறது, பசியில்லை.

ஒன்றுதான் மனக்குறை. சயாமா ஷ்வேயின் சிகிச்சை அட்டையில் 'ஊசியால் குணம்' என்று எழுதிவிட்டார். சரசு அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டாள். அட்டையின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. 'சூடு கொடுத்தவர் முத்தையா' என்று என் பெயரை அதில் எழுதித் தரும்வரை அட்டையை வாங்கமாட்டேன் என்று சயாமாவின் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.