எந்தத் துளையில் செருகினாலும் அதே பெயர்

எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை எவரும் நம்மை நினையாத தொழில், கணினிப் பராமரிப்பு. லினக்ஸோடு மல்லாடும் அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ராயபுரத்தில் இறால் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்று என் பராமரிப்பில் இருக்கிறது. அங்குள்ள கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று குளிர் அறையின் வெப்பமானியோடு பேசும். மற்றது, சூடு ஏறினால் உரிமையாளரின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும்.

முந்தியவனுக்கு முதற்பெயர்

ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. அந்தப் பழைய கணினியில், விழித்ததும் முதலில் கண்ணில் படும் கார்டுக்கு eth0 என்று பெயர், அடுத்ததற்கு eth1. அன்று வரிசை மாறியது, பெயர்களும் இடம் மாறின. வெளியே போக வேண்டிய எச்சரிக்கை வெப்பமானியின் வாசலில் போய் நின்றது. ஓர் அறை இறால் முழுவதும் இளகியது. உரிமையாளர் ஜெபமணி அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், கிடங்கைக் கவனிக்கும் தனத்தின் மேல் சீறினார்: "இன்னொரு வாட்டி போன் அடிக்காம சரக்கு கெட்டுச்சுன்னா, நீ இந்தப் பக்கமே வரக்கூடாது, கேட்டியா?"

இருக்கைக்குச் சூட்டிய பெயர்

குற்றமற்ற ஒருத்தியின் பிழைப்பு ஊசலாடுவதைக் கண்டு, கார்டு செருகப்பட்ட இடத்தைக் கொண்டு பெயர் அமையும் முறைக்கு மாற்றினேன். எத்தனை முறை அணைத்து எழுப்பினாலும் பெயர் பிறழவில்லை.

ஆயுதபூசை வந்தது. அண்ணாச்சி கிறிஸ்தவர், ஆயினும் பணியாளரின் பூசைக்குத் தடை சொன்னதில்லை. கடற்காற்றின் உப்பு அரிக்குமே என்று தனம் கார்டுகளைக் கழற்றித் துடைத்து, ஒன்றின் தகட்டில் சந்தனமும் மற்றதில் குங்குமமும் இட்டாள். பொட்டைப் பார்த்து வயர்களை அந்தந்தக் கார்டிலேயே பூட்டினாள். கார்டுகளோ துளை மாறி உட்கார்ந்துவிட்டன. சரக்கு ஏற்றுமுன் அறைக் கதவைத் திறந்து வைத்துச் சோதித்தாள். கைபேசி ஒலிக்கவில்லை. மின்வெட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பியிருக்கலாம். அவளோ அண்ணாச்சியின் எதிரில் நின்றே என்னை அழைத்தாள்: "நான்தான் சார் கயட்டித் தொட்ச்சேன். இன்னா பேஜாரு பண்ணேன்னு தெர்ல. சரக்கு இன்னும் ஏத்தல, நீ சுருக்கா வா சார்."

தன்னோடு பிறந்த அடையாளம்

நாற்காலியை வணங்கிப் பழகியவன், அதில் ஆள் மாறி அமர்ந்தாலும் வணங்கிக்கொண்டே இருப்பான். நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கணினியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது: கார்டு மாறியும் பெயர் துளையோடே நின்றது. ஒவ்வொரு கார்டிலும் பிறப்பிலேயே பொறித்த தனி எண் உண்டு. துளை மாறினும் அது மாறாது. அந்த எண்ணைக் கொண்டு விதி எழுதி, வெப்பமானியோடு பேசுவதற்கு kulir (குளிர்), எச்சரிக்கை அனுப்புவதற்கு veli (வெளி) என்று பெயரிட்டேன்.

பிறகு, கார்டுகளை மீண்டும் மாற்றிச் செருகுமாறு தனத்திடமே சொன்னேன். அவள் மாற்றிச் செருகி, பொட்டுப் பார்த்து வயர்களைப் பூட்டி, அறைக் கதவைத் திறந்தாள். சற்றுப் பொறுத்து அண்ணாச்சியின் சட்டைப் பையில் கைபேசி அலறியது. "அய்ய, கத்துது சார்!" என்று துள்ளினாள் தனம். பிழையை மறைக்காதவள் காவல் இருக்கும் கிடங்கு பேறு பெற்றது, அன்பர்களே! அண்ணாச்சி எச்சரிக்கையை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார்: "அடுத்த பூசைக்கும் நீயே தொடைம்மா. ஆனா, இந்தத் தம்பியைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுத் தொடை."

இரண்டு கார்டுகளுக்கு என்றும் மாறாத பெயர் கிடைத்தது, தனத்துக்கு வேலை நிலைத்தது, எனக்கு ஆண்டுதோறும் ஆயுதபூசைப் பொரியும் தனம் சூட்டிய 'வயர்காரரு' என்ற பட்டமும் உறுதியாயின.